சாதிப் பாகுபாடு குறித்த ஆய்வுக்கு நிதி தேடுவோருக்கு

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்து, விளாத்திகுளம் வட்டாரத்தில் மாலை நேரப் படிப்பு மையங்களை நடத்தி வருகிறோம். பள்ளிப் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு பிரிந்து நிற்பதைப் பற்றி முறையான ஆய்வு ஒன்றைச் செய்து, அதன் அடிப்படையில் மாணவர்களிடையே ஒரு திட்டத்தையும் நடத்த விரும்புகிறோம். இரண்டுக்கும் சேர்த்து ரூ.25 லட்சம் தேவைப்படும். வெளிநாட்டு அறக்கட்டளைகள் சிலவற்றுக்கு எழுதினோம், பதில் இல்லை. கனடா குடியுரிமை பெற்ற நண்பர் ஒருவர் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார். 'சாதி' என்று எழுதினால் நிதி வராது, 'சமூக நல்லிணக்கம்' என்று எழுதுங்கள் எனச் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் உதவ முன்வந்திருக்கிறார். சென்னையில் ஒருவர் பத்து சதவீதக் கமிஷனுக்கு நிதி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நாங்கள் எங்கே தொடங்குவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்களைப் போன்ற சிறிய அமைப்புகளின் விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுப்பதும் கணக்குகளைச் சரிபார்ப்பதும் என் அன்றாட வேலை. அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யார் நிதி தருகிறார்கள் என்று தேடுவதற்கு முன்னால், யாரிடமிருந்து பணம் வாங்க உங்கள் அறக்கட்டளைக்கு இன்றைய தேதியில் சட்டப்படி தகுதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்வதால்தான் பலருக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் வீணாகிறது. நீங்கள் எழுதிய வெளிநாட்டு அறக்கட்டளைகள் பதில் போடாததற்கு உங்கள் திட்டம் மோசமானது என்று பொருள் கொள்ள வேண்டாம். வெளிநாட்டுப் பணத்தைப் பெறுவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உங்களுக்கு இல்லை என்று தெரிந்ததுமே பெரும்பாலான இடங்களில் விண்ணப்பத்தை மேலும் படிக்க மாட்டார்கள்.

எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2020-இல் மேலும் இறுக்கப்பட்டது. வழக்கமான பதிவு வேண்டுமானால் அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் முதன்மைப் பணிகளுக்காகக் குறைந்தது ரூ.15 லட்சம் செலவிட்டிருக்கவும் வேண்டும். இரண்டு வயதான உங்கள் அறக்கட்டளை முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடுகிறது. முன் அனுமதி என்று ஒரு வழி உண்டு. இன்ன நன்கொடையாளரிடமிருந்து, இன்ன தொகையை, இன்ன பணிக்காகப் பெறுகிறோம் என்று நன்கொடையாளரின் உறுதிக் கடிதத்துடன் உள்துறை அமைச்சகத்திடம் விண்ணப்பிக்கும் வழி அது. அனுமதி கிடைத்தாலும், புது டெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்கி, அந்தக் கணக்கில்தான் பணத்தைப் பெற வேண்டும். சாதி, மனித உரிமை போன்ற பொருள்களில் வரும் விண்ணப்பங்களை அமைச்சகம் எவ்வளவு கவனமாக ஆராய்கிறது என்பதை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். டெல்லியின் சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச் போன்ற நீண்டகால ஆய்வு நிறுவனத்தின் பதிவே 2024 ஜனவரியில் ரத்தானது. ஆகவே உங்கள் முதல் ஆய்வை இந்த வழியை நம்பித் திட்டமிட வேண்டாம் என்பதே என் கருத்து.

எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுள்ள பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று பணத்தைப் பெற்று உங்களுக்குப் பிரித்துத் தரலாமே என்று யாராவது சொல்லக்கூடும். 2020 திருத்தத்துக்கு முன்பு அது நடந்தது. இப்போது அப்படி மடைமாற்றுவதற்கு முழுத் தடை இருக்கிறது. அந்த நிறுவனமே திட்டத்தை நேரடியாக நடத்தி, உங்களில் ஒருவரைத் தன் ஊழியராக அமர்த்திக்கொண்டால் அது வேறு. அப்போது அது அவர்களுடைய திட்டமாகிவிடும், அறிக்கையும் அவர்களுடையதாகவே இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டே அதில் இறங்க வேண்டும்.

கனடா நண்பரின் பணத்துக்கும் இதே சட்டம் பொருந்தும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் பிறப்பால் இந்தியரானாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். அவர் உங்கள் தனிப்பட்ட கணக்குக்கு அனுப்பி, நீங்கள் அதை அறக்கட்டளைக்கு மாற்றுவது என்ற யோசனை எழுந்திருந்தால் அதைக் கைவிட்டுவிடுங்கள். அந்த ஒரு பரிமாற்றமே பின்னாளில் உங்கள் எஃப்.சி.ஆர்.ஏ. விண்ணப்பத்துக்குத் தடையாக வந்து நிற்கும். இந்தியக் கடவுச்சீட்டுடன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் நண்பர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய கடவுச்சீட்டு நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பலருக்குத் தெரியாத இன்னொரு விதிவிலக்கும் உண்டு: ஐக்கிய நாடுகள் சபையையும் அதன் சிறப்பு முகமைகளையும் உலக வங்கியையும் இச்சட்டம் வெளிநாட்டு மூலமாகவே கருதுவதில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் மானியங்கள் உங்களைப் போன்ற சிறிய அமைப்புக்கு மிகப் பெரியவை. மேலும் 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்த பிறகு, உலகெங்கும் நிதியிழந்த பெரிய அமைப்புகள் எஞ்சியிருக்கும் அதே வாசல்களில் வந்து நிற்கின்றன. புதிதாக வருபவருக்கு இது நல்ல காலமில்லை.

அப்படியானால் இந்தியாவுக்குள் என்ன இருக்கிறது? இங்கே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரே விண்ணப்பமாக வைத்திருக்கும் உங்கள் ரூ.25 லட்சத்தை இரண்டாகப் பிரிப்பது. ஆய்வுக்குப் பணம் தருபவர்கள் வேறு, செயல்திட்டத்துக்குப் பணம் தருபவர்கள் வேறு. ஆய்வுக்குத் தருபவர் கேள்வியையும் முறையையும் பார்ப்பார்; திட்டத்துக்குத் தருபவர் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை என்று எண்ணிப் பார்ப்பார். இரண்டையும் கலந்து எழுதினால் இருவருக்குமே பாதி விண்ணப்பம் தேவையற்றதாகப் படும்.

ஆய்வுக்கான முதன்மையான அரசு வாசல், 1969-இல் தொடங்கப்பட்ட இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம். ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்றால்தான் பலருக்குப் புரியும். பெரிய ஆய்வுத் திட்டம், சிறிய ஆய்வுத் திட்டம் என்று அவர்கள் விண்ணப்பங்களைக் கோருகிறார்கள். உங்கள் அறக்கட்டளையின் பெயரில் அதைப் பெறுவது கடினம். அங்கீகாரம் பெற்ற ஒரு பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ பணியாற்றும் ஒருவர் முதன்மை ஆய்வாளராக இருந்து, அந்த நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிப்பதுதான் நடைமுறை. உங்களுக்கு அருகில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னை அடையாற்றில் மால்கம் ஆதிசேசய்யா 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சமூகவியல், கல்வியியல் துறைகளில் இப்பொருளில் ஏற்கெனவே கட்டுரை எழுதியுள்ள ஆசிரியர் ஒருவரைக் கண்டுபிடித்து, 'களமும் மக்களின் நம்பிக்கையும் எங்களிடம் இருக்கின்றன, ஆய்வுமுறை உங்களிடம் இருக்கிறது' என்று நேரில் போய்ப் பேசுங்கள். அறிவிப்பு வந்த பிறகு ஆளைத் தேடினால் நிறுவனத் தலைவரின் ஒப்பம் வாங்குவதற்குள் கெடு முடிந்துவிடும். பல்கலைக்கழகத்துடன் சேர்வதில் இன்னொரு நன்மை, ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களிடம் சாதியைப் பற்றிக் கேள்வி கேட்கப்போகிறீர்கள் என்பதால், அந்த ஒப்புதல் இல்லாத ஆய்வுக்குப் பொறுப்புள்ள எவரும் பணம் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

உங்கள் குழுவிலோ அந்தத் துறையிலோ முனைவர் பட்டம் செய்ய விரும்பும் பட்டியல் சமூக மாணவர் இருந்தால், பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆராய்ச்சி உதவித்தொகையையும், முழுநேர ஆய்வாளர்களுக்குத் தமிழக ஆதிதிராவிடர் நலத் துறை தரும் ஊக்கத்தொகையையும் விசாரியுங்கள். அறக்கட்டளைக்கு ஒரு ரூபாயும் வராது. ஆனால் உங்கள் ஆய்வுக் கேள்வியே அவருடைய ஆய்வேடாக அமைந்தால், சில ஆண்டுகள் முழுநேரமாக உழைக்கும் ஆய்வாளர் ஒருவர் கிடைத்துவிடுகிறார். கூத்து, பறை, நாடகம் வழியாக மாணவர்களை அணுகும் எண்ணம் இருந்தால் பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் அமைப்பையும் பாருங்கள். அங்கே இந்திய மொழிகளிலும் விண்ணப்பிக்கலாம் என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

இனி ஆய்வின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் வரைவில் மிகப் பலவீனமான பகுதி அதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இப்பொருளில் எனக்கு வரும் வரைவுகளில் பாதி, சாதியின் தோற்றத்தில் தொடங்கி மூன்று பக்கம் வரலாறு சொல்லிவிட்டு, கடைசியில் 'ஆகவே ஆய்வு தேவைப்படுகிறது' என்று முடிகின்றன. மதிப்பீட்டாளருக்கு அந்த வரலாறு தெரியும். அவருக்குத் தெரியாதது உங்கள் வட்டாரம். 2019-இல் பள்ளிக் கல்வித் துறை, சாதி அடையாளக் கயிறுகள் புழங்கும் பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்குமாறு சுற்றறிக்கை அனுப்பியது. அது அரசியல் சர்ச்சையாகி அப்படியே நின்றது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள்ளேயே சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. வண்ணக் கயிறுகளையும் சாதியைக் காட்டும் பிற அடையாளங்களையும் தடை செய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குவது முதலிய பரிந்துரைகளுடன் 2024 ஜூனில் அக்குழு அறிக்கை அளித்தது. 'இந்த அறிக்கைக்குப் பிறகு எங்கள் ஒன்றியத்தின் பள்ளிகளில் எது மாறியது, எது மாறவில்லை, கயிறு போன இடத்தில் வேறு அடையாளம் வந்திருக்கிறதா' என்று கேட்டீர்களானால், அது ஆறு மாதத்தில் விடை தேடக்கூடிய கேள்வி. அரசின் சொந்த ஆவணத்திலிருந்து பிறந்த கேள்வி என்பதால், அனுமதி தரும் அதிகாரிக்கும் அதை மறுப்பது எளிதாக இருக்காது.

அனுமதி என்றதும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். நிதி தருபவர் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதத்தைக் கேட்பார். அலுவலகத்தில் போய்க் கேட்டால் 'யார் நிதி தருகிறார்கள், அந்தக் கடிதத்தைக் கொண்டு வாருங்கள்' என்பார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் 'நிதி கிடைத்தால் இந்த ஆய்வை மேற்கொள்ள உத்தேசித்துள்ளோம்' என்று எழுதிக் கொடுத்து, கொள்கை அளவிலான ஒப்புதலை மட்டும் முதலில் வாங்குவதே இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி. அதுவும் கிடைக்காவிட்டால் பள்ளி வளாகத்துக்கு வெளியே, உங்கள் மாலை மையங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் ஆய்வை அமைத்துக்கொள்ளலாம். பள்ளிக்குள் சொல்லாததைப் பிள்ளைகள் அங்கே சொல்வார்கள் என்பதால், அதை இரண்டாம் தரமான வழி என்று நினைக்க வேண்டியதில்லை.

வரவுசெலவுத் திட்டத்தை நீங்கள் அனுப்பவில்லை. ஆனால் ஆய்வுப் பகுதிக்கு மட்டும் எவ்வளவு ஆகும் என்று ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு களப்பணியாளர்களுக்கு மாதம் ரூ.18,000 வீதம் ஆறு மாதத்துக்கு ரூ.2,16,000, இருவருக்கும் பயணச் செலவு மாதம் தலா ரூ.4,000 என்றால் ரூ.48,000, அறுபது நேர்காணல்களை எழுத்தாக்க, ஒன்றுக்கு ரூ.1,000 வீதம் ரூ.60,000, மனநல ஆலோசகருக்கு ரூ.20,000, கூட்டங்களுக்கும் அச்சுக்கும் ரூ.30,000, தணிக்கையாளர் கட்டணம் ரூ.15,000. மொத்தம் ரூ.3,89,000. எதிர்பாராச் செலவையும் சேர்த்தால் நான்கு லட்சத்தைச் சற்றுத் தாண்டும். எழுத்தாக்கத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரப் பேச்சை வட்டார வழக்கு கெடாமல் தட்டச்சு செய்ய அரை நாளுக்கு மேல் ஆகும். ஆலோசகருக்கான தொகையைச் சிக்கனம் கருதி வெட்டிவிடாதீர்கள்; பதினான்கு வயதுப் பிள்ளை தான் அவமதிக்கப்பட்டதை முதன்முறையாக ஒருவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறது, மறுநாள் அதன் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று மதிப்பீட்டாளர் கேட்பார். களப்பணியாளர்களைத் தன்னார்வலர்கள் என்று எழுதிச் செலவைக் குறைத்துக் காட்டுவதும் வேண்டாம். பாகுபாட்டை அனுபவித்த சமூகத்து இளைஞர்களையே கூலியில்லாமல் தகவல் திரட்ட அனுப்புவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

தகவல் பாதுகாப்புக்கு வரைவில் தனியாக ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஊர்ப் பெயரை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 'நெடுஞ்சாலையை ஒட்டி, கீழ்ப்பக்கம் மேல்நிலைத் தொட்டி உள்ள மேல்நிலைப் பள்ளி' என்று எழுதினால் அந்த வட்டாரத்தில் அது எந்தப் பள்ளி என்று தெரியாதவர் இருக்க மாட்டார்கள். பெற்றோர் கையொப்பமிடும் ஒப்புதல் படிவமே, யார் வீட்டுப் பிள்ளை பேசியது என்பதற்கான சாட்சியாகிவிடக்கூடும். படிவங்களை ஊருக்குள் வைக்காமல் பல்கலைக்கழகத்தில் பூட்டி வைப்பது, பெயர்ப் பட்டியலையும் சாதி விவரத்தையும் ஒரே கோப்பில் சேர்க்காமல் இருப்பது போன்ற ஏற்பாடுகளை வெளிப்படையாக எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடிய சம்பவம் ஒன்று ஆய்வின்போது தெரியவந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும், வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து, முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்.

செயல்திட்டப் பகுதிக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிதான், அதாவது சி.எஸ்.ஆர். நிதிதான், பொருத்தமான மூலம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு ரூ.500 கோடி அல்லது விற்றுமுதல் ரூ.1,000 கோடி அல்லது நிகர லாபம் ரூ.5 கோடி என்ற அளவை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் இதைப் பெற அறக்கட்டளைக்கும் நன்கொடையாளருக்கும் வரிச் சலுகை தரும், வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய பதிவுகளும், கம்பெனி விவகார அமைச்சகத்திடம் செய்யும் சி.எஸ்.ஆர்.-1 பதிவும், இதே போன்ற பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். உங்களுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. அந்த ஓராண்டை ஆய்வை முடிப்பதற்குப் பயன்படுத்தினால், நிறுவனத்திடம் போகும்போது கையில் அறிக்கையும் இருக்கும், மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கும் இருக்கும். தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு செய்வதை இந்த மாதமே முடித்துவிடுங்கள். அரசு மானியத்துக்கும் பின்னாளில் எஃப்.சி.ஆர்.ஏ.வுக்கும் அந்த எண் தேவைப்படும்.

'சாதி' என்று எழுதுவதா, 'நல்லிணக்கம்' என்று எழுதுவதா என்று கேட்டிருந்தீர்கள். ஆய்வு விண்ணப்பத்தில் தயங்காமல் சாதி என்றே எழுதுங்கள். ஆய்வாளர் தன் பொருளை மறைத்து எழுதினால் முறையியலே குழம்பிவிடும். சி.எஸ்.ஆர். விண்ணப்பத்தில் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையே உங்களுக்குக் கைகொடுக்கிறது. சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய பிரிவினர் எதிர்கொள்ளும் ஏற்றத்தாழ்வுகளைக் குறைக்கும் நடவடிக்கைகள் அங்கே அனுமதிக்கப்பட்ட பணியாகவே இடம்பெற்றிருக்கின்றன. அந்தத் தலைப்பின் கீழ் விண்ணப்பியுங்கள். ஆனால் செயல் விவரத்தில் கயிறு, சாப்பாட்டு வரிசை, தண்ணீர்க் குழாய், வாட்ஸ்அப் குழுக்கள் என்று என்ன செய்யப்போகிறீர்களோ அதை உள்ளபடி எழுதிவிடுங்கள். பணம் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பொதுவாக எழுதிக் கையொப்பமிட்டால், ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழோடு சேர்த்து எத்தனை விளையாட்டு விழா நடத்தினீர்கள், எத்தனை பேர் உறுதிமொழி எடுத்தார்கள் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்குக் கணக்குக் காட்டத்தான் உங்கள் நேரமெல்லாம் போகும்.

உள்ளூர்ப் பிரமுகரைப் பொறுத்தவரை, அவர் ஏதாவது சாதிச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறாரா, தேர்தலில் நிற்கும் எண்ணம் உள்ளவரா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். எந்தச் சாதிச் சங்கத்தின் பணமானாலும், அது எவ்வளவு நல்ல மனத்தோடு தரப்பட்டாலும், இந்த ஆய்வுக்கு வாங்காதீர்கள். ஒரு ரசீது வெளியே வந்தால் போதும், எதிர்த் தெருவில் ஒரு வீட்டிலும் உங்கள் களப்பணியாளரை உட்கார வைத்துப் பேச மாட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மருத்துவர்கள், உங்கள் மையத்தில் படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் என்று நூறு பேர் ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தாலே, ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். முடிவு வருவதற்குள் இரண்டு பள்ளிகளில் முன்னோட்ட ஆய்வு ஒன்றைச் செய்துவிடலாம். அந்த முன்னோட்டத்தின் பத்துப் பக்கக் குறிப்பு, அடுத்த எந்த விண்ணப்பத்தோடு இணைத்தாலும் எடைகூடியதாக இருக்கும்.

சென்னைக்காரருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டாம். விண்ணப்பம் எழுதித் தருபவருக்கு எழுதிய வேலைக்கான கூலியைப் பேசிக் கொடுப்பது முறையானது. கிடைக்கும் மானியத்தில் பங்கு கொடுப்பதை எந்த நிதியாளரும் செலவாக ஏற்க மாட்டார். ரூ.25 லட்சத்தில் பத்து சதவீதம் என்றால் ரூ.2.5 லட்சம். மேலே போட்ட கணக்கில் அது இரண்டு களப்பணியாளர்களின் ஆறு மாதச் சம்பளத்தை விட அதிகம். அதைக் கணக்கில் காட்ட உங்கள் தணிக்கையாளர் ஒரு தலைப்பைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அப்படிக் கண்டுபிடிக்கத் தயாராக இருக்கும் தணிக்கையாளரையும் மாற்றிவிடுங்கள்.